பன்னிரு நாற்றுகள்

ஓர் ஊரில் நோயைத் தாங்கி நின்ற பயிர், அடுத்த ஊரில் அதே நோயால் மடிந்துபோகிறது. பத்தாண்டுகள் நம்பிக்கைக்குரியதாய் விளைந்த விதை, பதினோராம் ஆண்டில் பதராகிறது. பிழை விதையிலா, மண்ணிலா, உழவரிடத்திலா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் எல்வின் சார்லஸ் ஸ்டாக்மன். நோய்க்கிருமியின் உள்ளினங்களைப் பயிரின் வாயிலாகவே அடையாளங்காணும் முறையை வகுத்த அவருடைய வாழ்க்கை இப்பாடத்தில் விரிகிறது.

செந்நிறக் கொப்புளங்கள்

கோதுமைக்கு நேரும் நோய்களுள் மிகப் பழைமையானது துருநோய். இரும்பில் படியும் துருவைப் போன்ற செம்பழுப்புப் பொடி இலையிலும் தண்டிலும் படிவதால் இப்பெயர் வந்தது. பயிரினூடே நடந்து வருபவரின் ஆடையெல்லாம் செந்தூள் அப்பிக்கொள்ளும். பண்டை உரோமானியர் இந்நோய்க்கென ஒரு தெய்வத்தையே படைத்து, ஆண்டுதோறும் ஏப்பிரல் மாதத்தில் அதற்கு விழா எடுத்தனர். தெய்வத்தின் சினம் என்று அவர்கள் கருதியது உண்மையில் ஒரு பூஞ்சையே. கோதுமைத் தண்டைத் துளைத்து, மணிக்குச் செல்ல வேண்டிய உணவையும் நீரையும் அது உறிஞ்சிவிடும். கொப்புளம் ஒவ்வொன்றிலிருந்தும் ஆயிரக்கணக்கான நுண்துகள்கள் காற்றில் பறக்கும். ஸ்போர் எனப்படும் இத்துகள்கள் வேறொரு கோதுமைச் செடியில் விழுந்தால், ஈரம் கிடைத்த இரவிலேயே முளைத்து, இரண்டு வாரத்திற்குள் புதுக் கொப்புளங்களாய் வெடிக்கும்.

ஸ்டாக்மன் 1885ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்ததோ அண்டை மாநிலமான மினசோட்டாவின் பிரவுண்டன் என்னும் சிற்றூரில். வசந்த காலத்தில் விதைத்துக் கோடையின் இறுதியில் அறுக்கும் கோதுமையே அப்பகுதியின் வாழ்வாதாரம். அவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1904இல், தண்டுத் துருநோய் அம்மாநிலத்து வயல்களைப் பெரிதும் பாழாக்கியது. 1906இல் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1909இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, தாவர நோயியல் துறையில் சேர்ந்தார். பணி ஓய்வு பெறும்வரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பணியிடம் அதுவே.

பாலமா, படையா?

அக்காலத்தில் பயிர் மேம்பாட்டு அறிவியல் பெரும் நம்பிக்கையோடு தொடங்கியிருந்தது. மெண்டலின் மரபியல் விதிகள் 1900இல் மீண்டும் கண்டறியப்பட்டன. துருநோயைத் தாங்கும் இயல்பும் அவ்விதிகளின்படியே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது என்று இங்கிலாந்தின் பிஃபன் 1905இல் காட்டினார். அப்படியானால் நோய் தாங்கும் கோதுமையை நல்ல விளைச்சல் தரும் கோதுமையோடு கலப்பினம் செய்துவிட்டால் போதும், துருநோய் ஒழிந்தது என்று பலரும் எண்ணினர்.

இந்நம்பிக்கையின்மீது ஓர் ஐயம் நிழலாய் விழுந்திருந்தது. அதை எழுப்பியவர் மார்ஷல் வார்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைத் துருநோய் அழித்துக்கொண்டிருந்தபோது, அதனை ஆராய 1880இல் அங்கு அனுப்பப்பட்ட ஆங்கில அறிஞர் அவர். காப்பி அழிந்து தேயிலை வந்த மாற்றத்தின் தொடக்கத்தை நேரில் கண்டவர். பின்னாளில் புற்களின் துருநோயை ஆராய்ந்த வார்டு ஒரு கருத்தை முன்வைத்தார். துருப்பூஞ்சையால் ஒரு செடியை நேரடியாகத் தாக்க இயலாவிட்டாலும், இரண்டுக்கும் இடைப்பட்ட இயல்புடைய வேறொரு செடியில் சிலகாலம் வளர்ந்து பழகியபின், அதையே பாலமாகக் கொண்டு தாங்குசெடிக்குள்ளும் புகுந்துவிடும் என்பது அக்கருத்து. இது மெய்யானால் கலப்பின முயற்சி அனைத்தும் வீணே. இன்று தாங்கும் கோதுமையை உருவாக்கினால், பூஞ்சை நாளையே அதற்குப் பழகிக்கொள்ளும். பிறகு எதற்காகப் பத்தாண்டு உழைத்து ஒரு வகையை உருவாக்குவது?

இக்கருத்தைச் சோதிப்பதே இளைஞர் ஸ்டாக்மனின் பணியாயிற்று. 1913இல் முனைவர் பட்டம் பெற்ற பின்னரும் அவர் அதை விடவில்லை. தாங்கும் செடிகளில் பூஞ்சையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார். பாலமாகக் கூடும் எனக் கருதப்பட்ட புற்களில் வளர்த்தபின் மீண்டும் கோதுமைக்கு மாற்றிப் பார்த்தார். பூஞ்சை எளிதில் பழகவில்லை. பலவீனமாய்த் தாக்கியது பலவீனமாகவே தாக்கியது. ஆனால் வேறொன்று புலப்பட்டது. 1917இல் அவரும் பைமைசலும் நாட்டின் வடமேற்குப் பகுதியிலிருந்து பெற்ற தண்டுத் துருவை வளர்த்தபோது, அது மினசோட்டாவின் துருவைப் போல நடந்துகொள்ளவில்லை. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றே. ஸ்போரின் நீளம், அகலம், நிறம் எவற்றிலும் வேறுபாடு இல்லை. கோதுமைச் செடிக்கு மட்டும் வேறுபாடு தெரிந்தது.

பூஞ்சை பாலம் கட்டிக்கொண்டு கடக்கவில்லை; தொடக்கத்திலிருந்தே அது ஒன்றாக இல்லை. ஒரே பெயரில், ஒரே உருவில், ஆற்றலில் மட்டும் வேறுபட்ட பல உள்ளினங்கள் கலந்து வாழ்ந்தன. தாங்கும் கோதுமை ஓர் ஊரில் பிழைத்து மற்றோர் ஊரில் மடிந்தது இதனால்தான். இந்த உண்மை ஆறுதலையும் அச்சத்தையும் ஒருங்கே தந்தது. நோய் எதிர்ப்பாற்றல் மாயமாய் மறைவதில்லை என்பது ஆறுதல். எத்தனை பகைவர் மறைந்திருக்கின்றனர் என்பது எவருக்கும் தெரியாது என்பது அச்சம்.

1916இன் கோடை

இவ்வாய்வு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பேரழிவு நேர்ந்தது. கனடாவில் உருவான மார்க்விஸ் என்னும் சிறந்த கோதுமை அப்போது வடபுலம் முழுவதும் பரவியிருந்தது. 1916இல் பயிர் செழித்து நின்ற வேளையில் தண்டுத் துரு பரவியது. சில வாரங்களில் வயல்கள் வைக்கோலாயின. அறுவடைக் கூலிக்கும் தேறாது என்று பலர் நிலத்தை அப்படியே விட்டுவிட்டனர். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி புஷல், கனடாவில் ஏறத்தாழ 10 கோடி புஷல் கோதுமை அழிந்தது. ஒரு புஷல் ஏறக்குறைய 27 கிலோ. அடுத்த ஆண்டே அமெரிக்கா உலகப்போரில் இறங்கியது. வாரத்தின் சில நாள்களில் கோதுமை உணவைத் தவிர்க்குமாறு அரசு மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

தண்டுத் துருப்பூஞ்சைக்கு வாழ்விடங்கள் இரண்டு. கோடையில் கோதுமை, குளிர்காலம் கழிந்தபின் பார்பெரி என்னும் முட்புதர். ஐரோப்பியர் வேலிக்காகவும் பழத்துக்காகவும் கொண்டுவந்து நட்ட இப்புதரில்தான் பூஞ்சையின் பாலினப் பெருக்கம் நிகழ்கிறது. எனவே 1918இல் பதின்மூன்று மாநிலங்களில் பார்பெரியை வேரோடு களையும் பேரியக்கம் தொடங்கியது. அதன் தொடக்கத்தில் தலைமையேற்று நடத்தியவர் ஸ்டாக்மன். பள்ளிச் சிறுவர் சிறுமியரும் தெருத்தெருவாய்ப் புதர் தேடி அறிவித்தனர்; அவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. கோடிக்கணக்கான புதர்கள் களையப்பட்டன. ஆயினும் புதரைக் களைந்தாலே போதும் என்று ஸ்டாக்மன் எண்ணிவிடவில்லை. எந்தெந்த உள்ளினங்கள் எங்கெங்கே உள்ளன என்பதை அறியாமல் எந்த விதையையும் நம்ப இயலாது என்பது அவர் கருத்து.

சாட்சி சொல்லும் நாற்றுகள்

நுண்ணோக்கியால் பிரித்தறிய முடியாத ஒன்றை எவ்வாறு பிரித்தறிவது? உப்பும் சர்க்கரையும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் நாக்கு பிரித்தறிந்துவிடும். ஸ்டாக்மன் கோதுமைச் செடியையே அந்த நாக்காகக் கொண்டார்.

அவரும் அவருடைய துணையாய்வாளர் லெவைனும் பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான கோதுமை வகைகளைச் சோதித்து, இறுதியில் பன்னிரண்டைத் தேர்ந்தனர். எல்லா உள்ளினத்துக்கும் இரையாகும் வகை ஒன்று. ஏறத்தாழ எதற்கும் அசையாத வகை ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையில் ஒவ்வோர் உள்ளினத்துக்கும் ஒவ்வொரு விதமாய் விடையிறுக்கும் வகைகள். இவற்றையே நாம் இனங்காட்டி வகைகள் எனலாம். லிட்டில் கிளப், மார்க்விஸ், கான்ரெட், கோட்டா, அர்னௌட்கா, மிண்டம், குபன்கா, அக்மி முதலிய பெயர்கள் அப்பட்டியலில் உண்டு. ரொட்டிக் கோதுமை, துரம் கோதுமை, ஒற்றைமணிக் கோதுமை, எம்மர் கோதுமை எனப் பல குடும்பங்கள் அதில் இடம்பெற்றன. எளிதில் அசையாத வகையாக இறுதியில் நின்றது கப்ளி. இந்தியாவில் நெடுங்காலமாக விளைந்துவரும் எம்மர் கோதுமை அது. நாம் சம்பா கோதுமை என்று வழங்குவதும் அதே இனத்தைச் சேர்ந்ததே.

சோதனை நடக்கும் முறை எளிதாய்த் தோன்றும். பொறுமையோ அளவின்றி வேண்டும். தொலைதூர வயலொன்றிலிருந்து நோயுற்ற தண்டின் துண்டு காகித உறையில் வந்து சேரும். முதலில் அதன் ஸ்போர்களை லிட்டில் கிளப் நாற்றில் தடவிப் பெருக்குவர். ஒரே மாதிரியில் இரண்டு மூன்று உள்ளினங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், தனிக் கொப்புளம் ஒன்றிலிருந்து மட்டும் ஸ்போர் எடுத்து மீண்டும் பெருக்குவர். பின்னர்ப் பன்னிரண்டு சிறு தொட்டிகளில் பன்னிரு வகை நாற்றுகள். முதல் இலை விரிந்தவுடன் அதை ஈர விரல்களால் நீவி, ஸ்போரைத் தடவி, ஓர் இரவு ஈரம் நிறைந்த கூண்டில் வைப்பர். பிறகு வெப்பநிலை மாறாத பசுமைக்குடிலுக்கு மாற்றுவர். வெப்பம் சற்று மிகுந்தாலும் நாற்று பொய்ச்சாட்சி சொல்லிவிடும். சில வகைகளின் எதிர்ப்பாற்றல் வெப்பத்தில் தளர்ந்துவிடும் இயல்புடையது.

இரண்டு வாரம் கழித்து இலைகளைப் படிக்க வேண்டும். எவ்வடையாளமும் இல்லையெனில் 0. ஊசி குத்தியது போன்ற வெளிறிய புள்ளி மட்டும் இருந்தால், பூஞ்சை நுழைந்தது, செடி அதை அங்கேயே முடக்கிவிட்டது என்று பொருள். மடிந்த திசு சூழ்ந்த மிகச்சிறு கொப்புளம் 1, பச்சைத் தீவுபோல் நிற்கும் சிறு கொப்புளம் 2, நடுத்தரமானது 3, பெரிதாய் வெடித்து ஒன்றோடொன்று இணைந்து நிற்பது 4. ஒரே இலையில் எல்லாம் கலந்திருந்தால் அதற்கொரு தனிக் குறி. செடி தன் உயிரணுக்களில் சிலவற்றைத் தானே பலிகொடுத்துப் பகைவனைப் பட்டினி போடுவதையே அந்த வெளிறிய புள்ளி காட்டுகிறது. இதை அறிந்தபின் அப்புள்ளியைப் பார்க்கும் நம் பார்வையே மாறிவிடும்.

பன்னிரு விடைகளையும் வரிசையாக எழுதினால் அதுவே அவ்வுள்ளினத்தின் அடையாள அட்டை. மார்க்விஸ் வீழ்ந்து மிண்டம் நின்றால் ஒன்று. மார்க்விஸ் நின்று மிண்டம் வீழ்ந்தால் வேறொன்று. தாங்கும், தாங்காது என்னும் இரு விடைகளை மட்டும் கொண்டாலே பன்னிரு வகைகளால் 4096 சேர்க்கைகளைப் பிரித்துக்காட்ட முடியும் என்பதைக் கணக்கறிந்த மாணவர் உடனே உணர்வர். 1922இல் ஸ்டாக்மனும் லெவைனும் வெளியிட்ட ஆய்வறிக்கையில் 37 உள்ளினங்கள் எண்ணிட்டுப் பட்டியலிடப்பட்டன. அந்த எண்ணிக்கை பின்னர் இருநூறைக் கடந்தது. ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இந்தியாவிலோ உள்ள ஆய்வாளர் அதே பன்னிரு விதைகளை விதைத்து, தம் நாட்டுத் துருவின் எண்ணைக் கூற முடிந்தது. உலகெங்கும் ஒரே மொழியில் பேச ஒரு நெடுங்கணக்கு பிறந்துவிட்டது.

இம்முயற்சி ஸ்டாக்மன் ஒருவரின் தனிச்சாதனை அன்று. கனடாவின் மார்கரெட் நியூட்டன், மாணவியாக இருந்த காலத்திலேயே, ஒரே மார்க்விஸ் கோதுமையில் வெவ்வேறு துரு மாதிரிகள் வெவ்வேறு விதமாய் வளர்வதைக் கண்டவர். பின்னர் மினசோட்டாவுக்கு வந்து ஸ்டாக்மனிடம் ஆய்வு செய்து, 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். வேளாண் அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் கனடியப் பெண் அவர். வின்னிபெக் ஆய்வுக்கூடத்தில் இருபதாண்டு உழைத்த அவருடைய நுரையீரல், மூச்சோடு உட்சென்ற ஸ்போர்களாலேயே பழுதுற்றது. உரிய காலத்துக்கு முன்பே 1945இல் ஓய்வு பெற நேர்ந்தது. எண்ணிட்ட அட்டவணைகளுக்குப் பின்னால் இத்தகைய விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

காற்றில் ஒரு வழித்தடம்

பார்பெரி அறவே இல்லாத இடங்களிலும் துரு தோன்றியது. அது எங்கிருந்து வருகிறது? 1921இல் ஸ்டாக்மன் விமானங்களின் துணையை நாடினார். வாசலின் பூசிய கண்ணாடித் தகடுகளை விமானத்திலிருந்து காற்றில் நீட்டி, வெவ்வேறு உயரங்களில் ஸ்போர்களைப் பிடித்தனர். பத்தாயிரம் அடிக்கும் மேலே கோதுமைத் துருவின் ஸ்போர்கள் சிக்கின. விமானப் பயணம் இளமைப் பருவத்தில் இருந்த காலத்தில் இது துணிவான செயலே.

உள்ளினங்களின் எண் இங்கே பெரிதும் உதவியது. தெற்கே மெக்சிகோவிலும் டெக்சாசிலும் குளிர்காலத்தில் எந்த எண்கள் தென்பட்டனவோ, அவையே சில மாதங்களில் காற்றோடு வடக்கே நகர்ந்து கனடா வரை சென்றன. பயிர் முதிரும் வரிசையிலேயே நோயும் பயணம் செய்தது. அடையாள அட்டை இல்லையென்றால் இப்பயணத்தை எவரும் நிறுவியிருக்க முடியாது.

இதே வினா இந்தியாவிலும் எழுந்தது. வடஇந்தியச் சமவெளியின் கோடை வெப்பத்தில் துருப்பூஞ்சை பிழைக்க இயலாது. எனினும் ஒவ்வொரு குளிர்காலமும் நோய் திரும்பி வந்தது. ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா ஆண்டுக்கணக்கில் அலைந்து இதற்கு விடை கண்டார். வடக்கே இமயத்தின் சரிவுகளிலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் குளிர்ந்த தட்பவெப்பத்தில் ஆண்டு முழுவதும் பச்சையாய் நிற்கும் கோதுமையில் துரு தங்கியிருந்து, அங்கிருந்தே சமவெளிக்கு இறங்குகிறது என்று காட்டினார். இந்தியத் துருக்களின் உள்ளினங்களை இனங்காட்டி வகைகளைக்கொண்டு முதன்முதலில் விரிவாகக் கணக்கெடுத்தவரும் அவரே. 1954இல் நீலகிரியின் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது இந்தப் பின்னணியில்தான்.

வென்ற விதையும் வீழ்ந்த விதையும்

1926இல் வடக்கு டகோட்டாவில் செரஸ் என்னும் புதிய கோதுமை வெளியிடப்பட்டது. அன்று வயல்களில் மிகுந்திருந்த உள்ளினங்களை அது நன்கு தாங்கியது. உழவர்கள் மகிழ்ந்து இலட்சக்கணக்கான ஏக்கரில் விதைத்தனர். 1928இல் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் 56 என்னும் எண்ணுடைய உள்ளினம் முதன்முதலாகத் தென்பட்டது. அது செரஸைத் தாக்கவல்லது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மாதிரிகளில் அதன் பங்கு ஏறிக்கொண்டே வந்தது. செரஸ் பரவப் பரவ, அதை உண்ணும் உள்ளினமும் பரவியது. 1935இல் மழையும் வெப்பமும் துணைசெய்ய, செரஸ் வயல்கள் அழிந்தன. ஏற்கெனவே வறட்சியாலும் பொருளாதார வீழ்ச்சியாலும் நொந்திருந்த பல உழவர் குடும்பங்கள் அவ்வாண்டில் நிலத்தை விட்டே வெளியேறின.

பசுமைக்குடிலில் அபாயம் ஏழாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அறிந்த செய்தியை விதையாக மாற்றக் காலம் தேவைப்பட்டது. 56ஐத் தாங்கும் தாட்சர் என்னும் கோதுமை மினசோட்டாவில் உருவாகி வெளிவந்தது 1934இல். எல்லா வயல்களுக்கும் போதுமான விதை 1935இல் இல்லை. ஓராண்டு தாமதத்தின் விலை எவ்வளவு என்பதை ஸ்டாக்மன் மறக்கவே இல்லை. அறிந்ததை மட்டும் பதிவுசெய்து நிற்காமல், அடுத்துவரும் உள்ளினத்துக்கு முந்திக்கொண்டு விதை ஆயத்தமாக வேண்டும் என்று அவர் சென்ற இடமெல்லாம் வற்புறுத்தினார்.

தாட்சரும் அதன் வழிவந்த வகைகளும் பதினைந்து ஆண்டுகள் காத்தன. இதற்கிடையே 1939இல் பார்பெரிப் புதரில் 15பி என்னும் உள்ளினம் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் அது அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தலைகாட்டியது. எண்ணோடு ஓர் எழுத்தும் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரு வகைகளுக்கும் ஒரே எண்ணாய்த் தோன்றிய உள்ளினத்துக்குள்ளும் உட்பிரிவுகள் இருந்தன. அவற்றைப் பிரிக்கக் கூடுதல் சாட்சிகள் தேவைப்பட்டன. ஸ்டாக்மனின் முறைக்கு இருந்த எல்லை இங்கே வெளிப்பட்டது. நாம் கேட்கும் கேள்விக்குத்தான் நாற்று விடை சொல்லும். கேட்காத கேள்விக்குச் சொல்லாது. 1950இல் 15பி திடீரென நாடெங்கும் பரவியது. 1953, 1954ஆம் ஆண்டுகளில் வடபுலத்தின் துரம் கோதுமையில் பெரும்பகுதியை அழித்தது. ஸ்டாக்மன் பணி ஓய்வு பெற்றது அதே 1953இல்.

தம் வாழ்நாள் உழைப்பு வீணாயிற்று என்று அவர் சோர்ந்திருக்கக்கூடும் என்று நாம் எண்ணலாம். அவரோ உலகின் பல நாடுகளில் ஒரே கோதுமைத் தொகுதியை விதைத்து, எங்கே எது தாங்குகிறது என்று ஒப்பிடும் கூட்டுமுயற்சிக்குத் துணைநின்றார். ஒரு நாட்டில் அடுத்து வரவிருக்கும் உள்ளினம் இப்போது வேறொரு நாட்டில் இருக்கலாம் அல்லவா?

மெக்சிகோவுக்கு ஒரு பயணம்

1937இன் இறுதியில் ஸ்டாக்மன் பல்கலைக்கழகத்தில் துருநோய் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வனத்துறை வேலை கைநழுவிப்போன இளைஞர் ஒருவர் அதைக் கேட்டு, அத்துறையையே தம் வாழ்க்கையாகத் தேர்ந்தார். அவர் நார்மன் போர்லாக். ஸ்டாக்மனின் துறையில் பயின்று 1942இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதற்கு முந்தைய ஆண்டில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் வேண்டுகோளின்படி, ஸ்டாக்மன் வேறு இரு அறிஞர்களுடன் மெக்சிகோ முழுவதும் பயணம் செய்து, அந்நாட்டு வேளாண்மைக்கு வேண்டுவன யாவை என அறிக்கை அளித்தார். அதன்வழி 1943இல் தொடங்கிய திட்டத்துக்குத் தலைமையேற்றவர் ஸ்டாக்மனின் மாணவர் ஹாரர். 1944இல் போர்லாக் அங்குச் சென்றார். மெக்சிகோவில் அவர் முதலில் எதிர்கொண்ட பகையும் தண்டுத் துருவே. குட்டைக் கோதுமையும் மிகுவிளைச்சலும் பின்னர் வந்தவை. 1960களில் அக்கோதுமைகள், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் முதலிய அறிஞர்களின் முயற்சியால், இந்திய வயல்களுக்கு வந்தன. 1970இல் போர்லாக் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அவருடைய ஆசிரியர் அதைக் காண உயிரோடு இருந்தார். இந்தியாவில் கொண்டாடப்பட்ட கல்யாண் சோனா என்னும் வகை, அதே பத்தாண்டில் இலைத் துருவின் புதிய உள்ளினங்களுக்கு இரையாகத் தொடங்கியதும் வரலாறே.

தொட்டிகள் ஓயவில்லை

ஸ்டாக்மனின் முறை கோதுமையோடு நிற்கவில்லை. ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்த ஃப்ளோர் மினசோட்டாவில் பயின்றவர். செடியில் தாங்கும் மரபணு ஒவ்வொன்றுக்கும் ஈடாகக் கிருமியிலும் ஒரு மரபணு உண்டு என்று 1940களில் அவர் நிறுவினார். பன்னிரு நாற்றுகள் ஏன் அவ்வாறு விடையளித்தன என்பதற்கான காரணம் அப்போதுதான் விளங்கியது. சோயா மொச்சையின் வேரையும் தண்டையும் அழுகச் செய்யும் நோய்க்கும், தாங்கும் மரபணு வெவ்வேறாக உடைய சோயா வகைகளை வரிசையாக விதைத்து உள்ளினம் காணும் முறை வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உள்ளினங்கள் அவ்வாறு பட்டியலிடப்பட்டன. சோயா வேரில் முட்டைக்கூடுகளாய்த் தொங்கும் நூற்புழுவைப் பிரித்தறிய 1970இல் நான்கே வகைகள் போதுமெனக் கொள்ளப்பட்டன. பின்னர் அவையும் போதாமல் கூட்ட வேண்டியதாயிற்று.

ஸ்டாக்மன் 1979ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், தம் 93ஆம் அகவையில், செயின்ட் பால் நகரில் காலமானார். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய பன்னிரு வகைகளின் இடத்தை, ஒவ்வொன்றும் ஒரே ஒரு தாங்கு மரபணுவைக் கொண்ட புதிய வரிசைகள் பெற்றுள்ளன. எண்களின் இடத்தில் எழுத்துகள் வந்துள்ளன. நாற்று, ஈரக் கூண்டு, இரண்டு வாரக் காத்திருப்பு ஆகியவை மட்டும் மாறவில்லை.

1990களின் இறுதியில் உகாண்டாவில் ஒரு புதிய தண்டுத் துரு தோன்றியது. அதுவரை உலகெங்கும் நம்பப்பட்ட எதிர்ப்பாற்றலை அது முறித்தது. யுஜி99 எனப் பெயர்பெற்ற அவ்வுள்ளினத்துக்கு எதிராக எவ்வெவ் வகைகள் நிற்கின்றன என்று ஆய்வாளர்கள் தேடினர். அப்போது தாக்குப்பிடித்த மரபணுக்களுள் ஒன்று, ஸ்டாக்மனின் பட்டியலில் இறுதியாய் நின்ற கப்ளிக் கோதுமையிலிருந்து வந்தது. எத்தியோப்பிய வயல்களில் அம்மரபணுவையும் கடக்கும் வேறோர் உள்ளினம் பின்னர்க் கண்டறியப்பட்டது.